களத்தில் கேட்ட கேள்வி

1

“…அதெல்லாம் பொலிஞ்சிரிக்கி சேர், நல்லாப் பொலிஞ்சிரிக்கி. அப்புடியே எழுதிக்கங்க” என்றார் ஆதம்பாவா மச்சான்.

அவர் என் மூத்த சகோதரியின், ராத்தாவின், புருசன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சூடடிப்புக் காலத்தில், சம்மாந்துறை வயலொன்றில், அரசாங்க ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஜீப்பில் வந்த இஞ்சினியருக்குச் சொன்ன பதில் இது. நிலையம் புதிதாகச் செய்த சூடடிக்கிற மெசினைப் பரீட்சித்துப் பார்க்க எங்கள் களத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கதிர்க்கட்டை வாயில் கொடுத்தால் உள்ளே உருளை சுற்றி நெல்லைப் பிரித்து ஒரு பக்கமும் வைக்கோலை மறுபக்கமும் தள்ளும். மச்சான் கதிர் கொடுத்தார். அதற்குப் பெல்ட் போட்டுச் சுழற்றிய கை உழவு மெசினுக்குப் பக்கத்தில், கல்முனை கராஜ் ஒன்றின் வெல்டராக நான் நின்றேன். இஞ்சினியர் கேட்டது ஒரேயொரு கேள்வி: இதில் ஏதாவது குறை இருக்கிறதா?

அடுத்த போகத்தில் அதே வார்ப்பில் செய்த மெசின் மச்சானின் வலக்கையை முழங்கைக்குக் கீழே எடுத்துக்கொண்டது.

மெசினில் என்ன பிழை என்று அந்தக் கேள்வி கேட்ட அன்றே மச்சானுக்குத் தெரியும். களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். கேட்டவருக்கு மட்டும் தெரியாது.

2

நான் இப்போது இருப்பது டென்மார்க்கில், ஜட்லாந்துப் பக்கத்து ஒரு சின்ன ஊரில். விவசாய மெசின் செய்யும் தொழிற்சாலையின் பரீட்சைக் கொட்டகையில் வேலை. இந்த வேலைக்கு வர நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். வேலைக்குப் பதிகிற அரசாங்கக் கந்தோரில் இருந்த பெண் என்ன தொழில் என்று கேட்டாள். வெல்டிங், லேத், இயந்திரம் பிரித்துப் பூட்டுவது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் வரிசையாகச் சொன்னேன். சான்றிதழ் எங்கே என்றாள். நான் தொழில் பழகிய மீராசாயிபு காக்காவின், அதாவது அண்ணனின், கராஜில் சான்றிதழ் கொடுப்பதில்லை, ஏச்சுத்தான் கொடுப்பார்கள் என்றேன். மொழிபெயர்ப்பாளர் சிரித்தார், அதை மொழிபெயர்க்கவில்லை. தொழில் தெரியாதவன் என்று என்னைப் பதிந்துகொண்டார்கள். கொட்டகை கூட்டுகிறவனாகச் சேர்ந்தேன். ஒருநாள் ஒரு மெசினில் பெயரிங் சத்தம் சரியில்லை என்று கையைக் காட்டினேன். அதற்குப் பிறகு விளக்குமாறை இன்னொருவரிடம் கொடுத்தார்கள்.

போன கிழமை கொட்டகையில் நடந்த ஒன்றால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே புதிய மெசின் ஒன்று விற்பனைக்குப் போகும் முன்னர் பக்கத்து விவசாயிகளைக் கூப்பிடுவார்கள். வந்து ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அதற்கு நாட்கூலி உண்டு, வந்து போகிற செலவு உண்டு, கோப்பி உண்டு, பாண் உண்டு. பாணுக்குள் வைப்பது பன்றியாக இருக்குமென்பதால் எனக்கு மட்டும் ஹென்ரிக் ஒரு அவித்த முட்டையைத் தனியாக வைத்திருப்பார். அவர்தான் கொட்டகைக்குப் பொறுப்பான இஞ்சினியர்.

வந்தவர்களில் இங்கெ என்றொரு பெண். பார்லி செய்கிறவள், உடம்பும் குரலும் பெரியவை. புதிய அறுவடை மெசினைக் கொஞ்ச நேரம் ஓட்டினாள். இறங்கினாள். “இதன் வாயை வரைந்தவன் யார்? அவனைக் கூப்பிடுங்கள்” என்றாள். மாடியிலிருந்து ஒரு இளைஞன் கோப்பிக் கோப்பையோடு இறங்கி வந்தான். “நீ இந்த வாய்க்கு முன்னால் ஒரு காலைப்பொழுது நின்றிருக்கிறாயா? நிற்கவில்லை. நின்றிருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டாய்” என்றாள். பிறகு அரை மணித்தியாலம் திட்டினாள். எனக்கு அவனுக்காக வியர்த்தது. அவனோ தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான், நடுவில் அவளுக்கு இன்னொரு கோப்பி ஊற்றினான். போகும்போது ஹென்ரிக் அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லிக் கூலியைக் கொடுத்தார்.

நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

3

களம் என்றால் என்னவென்று ஊரில் இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பட்டணத்தில் பிறந்த பிள்ளைகளும் வாசிக்கக் கூடும்.

வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து வைத்து, பிறகு அடித்து நெல்லாக்குகிற இடம் அது. பாத்திஹா ஓதித்தான் தொடங்குவோம். செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள். உள்ளே ஏறிவிட்டால் வாயில் வரக்கூடாத சொற்கள் சில உண்டு. இல்லை என்று சொல்வதில்லை. குறை, போதாது, முடிந்தது, பழுது என்று சொல்வதில்லை. சொன்னால் விளைவு களத்தை விட்டுப் போய்விடும் என்பது நம்பிக்கை. குடத்தில் தண்ணீர் தீர்ந்தால் “தண்ணி பொலிஞ்சிற்று”, பெருகிவிட்டது, என்போம். சாக்கு கிழிந்தால் அதுவும் பொலிந்ததுதான். பள்ளிவாசலில் மௌலவி இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாத வேலை என்று கண்டித்துப் பேசுவார். அவருடைய சொந்த வயலில் சூடடிக்கும்போது போய்ப் பார்த்திருக்கிறேன். அவரும் பொலி பொலி என்றுதான் நிற்பார்.

இந்த இடத்தில் வந்து நின்றுதான் இஞ்சினியர் குறை இருக்கிறதா என்று கேட்டார். யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனிதர், எங்களோடு வெயிலில் நின்றார். தமிழிலேயே கேட்டார், தமிழிலேயே பதில் கிடைத்தது. தனக்கு விளங்கிவிட்டது என்று அவர் நினைத்ததில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? வேறு மொழிக்காரர் ஒருவராக இருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டு இரண்டாம் தரம் கேட்டிருப்பார்.

அன்று பகல் சாப்பாட்டுக்கு அவர் ஜீப்பில் நீர்ப்பாசன விடுதிக்குப் போனார். நாங்கள் வீதியோரத் தேநீர்க்கடைக்குப் போனோம். களத்தை விட்டு இறங்கியதும் எல்லோருக்கும் வாய் திறந்தது. மச்சான்தான் முதலில்.

“இது கதிரத் தின்னுற மெசினில்ல மச்சான், ஆளத் தின்னுற மெசின். வாய் கட்டை. கடைசிப் பிடியக் கையாலதான் தள்ள வேண்டிக் கிடக்கு. தள்ளக்குள்ள உள்ள இருந்து ஒராள் புடிச்சி இழுக்கிற மாதிரி இழுக்குது.”

“யாரு, ஒங்கட மாமியா?” என்று ஒருவர் கேட்டார். கடை முழுக்கச் சிரிப்பு.

மச்சானும் சிரித்தார். பிறகு மேசையில் கையை நீட்டி வைத்து, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மற்றக் கையால் அளந்து காட்டினார். “கதிர் வெக்கிற தட்ட இந்தளவு முன்னுக்கு நீட்டி வெச்சாக் காணும். ஒரு கரைச்சலும் வராது.”

பிழையும் அதுதான், பரிகாரமும் அதுதான். நிலையம் எத்தனையோ மாதம் தேடியது ஒரு தேநீரின் நேரத்தில் மேசையில் கிடந்தது. எடுத்துப் போக ஆள் இருக்கவில்லை.

பின்னேரம் இஞ்சினியர் திரும்பி வந்து களத்தில் நின்று கேட்டார். மச்சான் பொலிஞ்சிரிக்கி என்றார். என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

4

நிலையத்துக்குப் பரீட்சை முடிந்தால் வேலை முடிந்த மாதிரி. விவசாயிகள் திருப்தி என்று மேலே அறிவித்தார்கள். மெசின்கள் செய்யப்பட்டன, ஊர்களுக்கு வந்தன. எங்கள் ஊரில் ஒன்று கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடைத்தது.

சங்கத்தைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் வயல் செய்கிறவர்கள். குறையை யாரும் வந்து சொல்லத் தேவையில்லை, அவர்களே படுவார்கள். ஆனால் மெசின் வந்து இறங்கியவுடன் முதலில் யாருடைய வயலுக்குப் போவது என்ற பேச்சு எழுந்தது. கூட்டம் கூடியது, கலைந்தது. மெசின் மழைக்கு மூடிய படங்குக்குக் கீழே கிடந்தது. சங்கத்து மனேஜர் என்னிடம் சொன்னார், “நெல்லு அடிக்க முந்தி மெசினுக்குக் கட்சி வந்திரிச்சி தம்பி.”

கடைசியில் வயலுக்கு இறங்கியது. ஒரு விடியப்புறம், பனியில் நனைந்த கதிரை மச்சான் கொடுத்துக்கொண்டு நின்றபோது ஈர வைக்கோல் மணிக்கட்டைச் சுற்றியது. இயந்திரத்தை நிறுத்த ஓடியவன் போய்ச் சேர முன்னர் எல்லாம் நடந்துவிட்டது. அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். களத்தில் அன்று யாரும் கத்தவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். மச்சான்கூடக் கத்தவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு வரம்புக்கு வந்து, களத்தை விட்டு இறங்கிய பிறகுதான் சத்தம் வந்தது.

சங்கம் மறுபடி கூடியது. இந்தத் தரம் எல்லோரும் ஒரே பேச்சுத்தான், வாய்க்கு முன்னால் தட்டை நீட்ட வேண்டும். நான் இரும்பும் வெல்டிங் சாமானும் கொண்டு வரத் தயாராக நின்றேன். ஆனால் மெசின் அரசாங்கச் சொத்து. மேலிடத்து அனுமதி இல்லாமல் அதில் ஒரு துண்டுத் தகரம் ஒட்டினாலும் குற்றம் என்று தலைவர் சொன்னார். அனுமதி கேட்டார்கள். அனுமதி வரவில்லை, மறுப்பும் வரவில்லை. மெசின் அப்படியே வேலை செய்தது. கதிர் கொடுக்க வேறொருவர் நின்றார்.

மீராசாயிபு காக்காவின் கராஜ் எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். படித்தவர் அல்ல, பெரிய கொடையாளியும் அல்ல. வாங்கியவன் மெசினைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டு ஏசினால் அவருக்கு இரவு சோறு இறங்காது. அதுதான் அவருடைய கல்வி. வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒரு தேநீர்க்கடை. வயல்காரரும் லொறிக்காரரும் அங்கேதான் இருப்பார்கள். பின்னேரமானால் காக்காவும் போய் மூலையில் உட்கார்ந்துவிடுவார். யாராவது வந்து கேட்டால் அந்தக் கடையைக் காட்டி, “என்ட ஆராய்ச்சி நிலையம் அந்தா இரிக்கி” என்பார்.

மச்சானின் கை போன பிறகு அந்த மெசினுக்குக் கைதின்னி என்று பெயர் விழுந்தது. பொத்துவில் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது, நிலையத்துக்கு மட்டும் போகவில்லை. காக்காவுக்கு அன்றே காதில் விழுந்தது. தட்டை நீட்டி, பச்சைப் பெயின்ற் அடித்து, சொந்தமாக ஒரு மெசின் செய்தார். விற்றது.

ஆனால் இதைக் கேட்டுக் காக்காவைத் தூக்கிக் கொண்டாடிவிடாதீர்கள். உள்ளே சுற்றுகிற உருளையின் கணக்கு முழுக்க நிலையத்து இஞ்சினியருடையது. அது இல்லாமல் நாங்கள் ஆயுசு முழுக்க இரும்பை வெட்டி ஒட்டினாலும் நெல் உடையாமல் வந்திருக்காது. பெல்ட் ஓடுகிற பக்கத்துக்கு இஞ்சினியர் போட்டிருந்த மூடியைக் காக்கா விட்டுவிட்டார். தகரம் மிச்சம். ஏன் காக்கா என்று கேட்டேன். “கடையில ஒருத்தனும் அதக் கேக்கல்லயே” என்றார். தேநீர்க்கடையில் பேசப்படாத ஆபத்து அவருக்கு ஆபத்தே இல்லை.

5

இஞ்சினியர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை, விடுமுறை எடுத்துப் பஸ்ஸில் வந்திருந்தார். தோடம்பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

“ஆதம்பாவா, அந்த வாய் சரியில்லையெண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமோ?”

“தெரியும் சேர்.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

மச்சான் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். “களத்துல வெச்சித்தானே சேர் கேட்டீங்க.”

ராத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியபடி சொன்னாள்: “றோட்டுக்கு வந்து கேட்டிருந்தா வாய் ஓயாமச் செல்லியிருப்பாரு. ஊட்ட வந்தும் அதத்தானே செல்லிக்கிட்டுக் கிடந்தாரு.”

இஞ்சினியர் அங்கேயே இருந்துவிட்டார். களத்தில் எந்தச் சொல் சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மச்சான் இடக்கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினார். பின்னொரு நாள் கராஜுக்கும் வந்து உருளையின் கணக்கைக் காசு வாங்காமல் கொடுத்தவர் அவர்தான். இனிமேல் பரீட்சை முடிந்து நாளாகி, வீட்டில் வைத்துத்தான் கருத்துக் கேட்க வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் சொன்னாராம். வெற்றியென்று முடிந்த வேலையை எதற்குக் கிண்டுகிறாய் என்றார்களாம். கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போய்விட்டார்.

6

இங்கெ திட்டிவிட்டுப் போன அன்று, வீட்டில் சோறு தின்னும்போது இந்தக் கதையை மகள் நஸ்ரினுக்குச் சொன்னேன். இங்கே வரும்போது மடியில் இருந்தவள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். உம்மா வைத்த கறியைப் பார்த்து நல்லாயில்லை என்று நேராகச் சொல்வாள். என் மனுசி முதலில் அழுதாள், இப்போது புளியைக் குறைத்துவிட்டாள்.

நஸ்ரின் கடைசி வரை கேட்டாள். அபூர்வமாகத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்துச் சொன்னாள்:

“அப்ப அது மாமாட பிழைதானே வாப்பா.”

அப்படியில்லை மகள் என்றேன். பின்னே யாருடைய பிழை என்றாள். ஜீப்பில் வந்தவரையும் சங்கத்தையும் களத்தையும் காட்டிப் பார்த்தேன். அவள் டேனிஷுக்கு மாறி, ஒருவர் கேட்டால் பதில் சொல்வது என்ன பெரிய கஷ்டம் என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்க் கை கழுவினாள். அந்த மச்சானின் தோளில் இருந்துதான் இவள் முதல்முதல் கடல் பார்த்தவள். அது அவளுக்கு ஞாபகமில்லை.

எனக்கு ஏன் கஷ்டம் என்று அவளுக்குக் காட்ட ஒரு வழிதான் உண்டு, என்னையே காட்ட வேண்டும். ஹென்ரிக் ஒவ்வொரு பரீட்சைக்கும் பிறகு என்னிடம் கேட்பார், எப்படி? என் வாய் நல்லம் என்றுவிடும். ஒருநாள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எல்லாம் நல்லம் என்று சொல்வதற்கு எனக்கு ஆள் தேவையில்லை. விற்கிற பகுதியில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள்” என்றார். அதற்குப் பிறகு நான் கொட்டகையை விட்டு வெளியே இறங்கி, வாகனம் விடும் இடத்தில் நின்றுதான் அவருக்குக் குறை சொல்கிறேன். ஏனென்று அவர் கேட்டதில்லை. மழையென்றாலும் கூட வருகிறார்.

இத்தனை வகை இடங்களைப் பார்த்த பிறகு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், பிழையென்றால் விடுங்கள். மூளை எல்லா இடத்திலும் இருக்கிறது. கெட்ட செய்தி நடந்து வருவதற்கு ஒரு பாதை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நிலையத்தில் அந்தப் பாதை ஜீப்போடு முடிந்தது. சங்கத்தில் செய்தி வாசலுக்கே வந்தது, கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. கராஜில் வீதியைக் கடந்தால் போதும், ஆனால் விற்பனையைக் கெடுக்கிற செய்திக்கு மட்டும்தான் கதவு திறக்கும். இங்கே கோப்பி ஊற்றி, கூலி கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். அதையும் நான் முழுக்க நம்பிவிடவில்லை. நம்முடைய ஊர்ப்பக்க வயலுக்குப் பொருத்தமான ஒரு சின்ன மெசினை இங்கே செய்து பார்த்தார்கள். ஓடவும் ஓடியது. ஏன் நிறுத்தினீர்கள் என்று ஹென்ரிக்கிடம் கேட்டேன். “வாங்கக் காசுள்ளவர்கள் அங்கே இல்லை” என்றார், ஒளிக்காமல். கூப்பிடப்படாதவனின் குறையைக் கேட்க இங்கேயும் காது கிடையாது.

எண்பதுகளின் நடுவில் சண்டை வந்து எங்கள் பக்கம் குழம்பியது. வயலுக்குப் போகிற வழிகள் ஒவ்வொன்றாக மூடின. காக்காவின் கராஜை எரித்தார்கள். பச்சை மெசின்கள் அடிக்க ஆளில்லாத வயல் வட்டைகளில் துருப்பிடித்து நின்றன. நல்லது எது, கெட்டது எது என்று பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. நான் இங்கே வந்தேன். மச்சான் சம்மாந்துறையிலேயே இருக்கிறார், அரிசி ஆலை வாசலில் சாக்குகளுக்குக் காவல்.

7

நஸ்ரின் சொன்னதற்குப் பிறகு அந்தப் பின்னேரத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மச்சான் இஞ்சினியரிடம் சொல்லவேயில்லையா?

சூடடிக்கும்போது எங்களில் யாரும் வெறும் மேலோடு நிற்பதில்லை. நெற்சுணை தோலில் பட்டால் அன்றிரவு தூங்க முடியாது. வெயில் எவ்வளவு எரித்தாலும் நீளக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை பூட்டித்தான் நிற்போம்.

இஞ்சினியர் பதிலை எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். எங்களுக்குத் தேநீர் வாங்கக் காசு கொடுக்கப் பார்த்தார், மச்சான் வாங்கவில்லை. இன்னும் ஒரு சூடு மிச்சம் இருந்தது, அதையும் அடிப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று இஞ்சினியர் அங்கேயே நின்றார். நான் இயந்திரத்தை முடுக்கினேன். மச்சான் அவருக்கு முன்னாலேயே, அவருடைய முகத்தைப் பார்த்தபடி, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உருவி வரம்பில் எறிந்தார். சுணை பறக்கிற அந்தத் தூசுக்குள், பிடித்து இழுக்க உடம்பில் ஒரு துண்டுத் துணியும் தொங்காதபடி சாரனையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மெசினின் வாய்க்கு முன்னால் போய் நின்று, கதிர்க்கட்டுக்குக் கையை நீட்டினார்.